மருதடியில் ஒரு வெளிறிய பட்டை

அஜின்கோர்ட், ஸ்காபரோ
1986 நவம்பர் 9, ஞாயிறு, பின்நேரம் 4.10. எண்ணியது: 312.

அன்புள்ள அக்கா,

நானும் என்னோடு அறையில் இருக்கும் யேசுரட்ணம் அண்ணையும் சுகம். உங்களுடைய சுகத்தையும் பிள்ளைகள் இரண்டு பேருடைய சுகத்தையும் எழுதவும். அத்தானுடைய ஆண்டுத் திவசம் எப்படி நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஊரை விட்டு வந்து கல்லடியில் யாருடைய வீட்டில் இருக்கிறீர்கள் என்றும் எழுதவில்லை. இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டேன். முகவரியில் தபாற்கந்தோர் மட்டும்தான் இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினால் எனக்கு ஒரு தபாற்செலவு மிச்சம்.

மேலே உள்ள எண் உழுத மேடுகளின் கணக்கு. என் வேலை உங்களுக்குத் தெரியும். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து வரைபடம் கீறுவது. ஒரே நிலத்தின் இரண்டு படத்தை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டும் கருவி ஒன்று இருக்கிறது. சரியாகப் பொருத்தினால் நிலம் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். வாரநாட்களில் கொம்பனிக்காக நெடுஞ்சாலை கீறுகிறேன். சனி ஞாயிறில் பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவருக்காக இங்கிலாந்துப் புல்வெளியை எண்ணுகிறேன்.

புல்லை எண்ண என்ன இருக்கிறது என்றுதான் நானும் தொடங்கினேன். ஜனவரி மாதக் காலையில், சூரியன் தரையோடு தரையாக இருக்கும் நேரத்தில் எடுத்த படங்கள். கீழே செம்மறி மேய்கிறது. அந்தச் சரிந்த வெயிலில் புல்லுக்கு அடியிலிருந்து ஒரு பழைய வயல் முழுவதும் நிழலாக எழும்பி வருகிறது. மேடு, பள்ளம், மேடு, பள்ளம். எழுநூறு வருடத்துக்கு முந்தியது. அந்தக் காலத்தில் அங்கே வேலி இல்லையாம். ஊருக்கு ஒரே பெரிய வெளி. அதைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு குடும்பத்துக்கு இங்கே ஒன்று, அங்கே ஒன்று. நல்ல மண்ணிலும் கூடாத மண்ணிலும் எல்லாருக்கும் பங்கு.

ஒரு பட்டையாவது நேராக இல்லை. எல்லாம் கடைசியில் மெல்ல இடப்பக்கம் வளைகிறது. உழுதவர்களுக்குக் கை கோணலா என்று பேராசிரியையிடம் கேட்டேன். எட்டு மாடு பூட்டிய கலப்பையை முடிவுக்கு வந்த பிறகு திருப்ப முடியாது, தூரத்திலேயே வளைக்கத் தொடங்கவேண்டும் என்றார். அக்கா, அதற்குப் பிறகு பத்து நிமிடம் நான் ஒன்றும் எண்ணவில்லை. உழுதவன் பெயர் தெரியாது. மாடு என்ன நிறம், தெரியாது. அது திரும்பிய வளைவு கிடக்கிறது.

சில இடங்களில் உழாமல் விட்ட வெளிறிய பட்டை ஒன்று ஓடும். அதுதான் எல்லை. இங்கே ஒரு வயல்கூறு முடிகிறது, அங்கே அடுத்தது தொடங்குகிறது. அப்படிப் பத்தொன்பது கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் 'எல்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

யேசுரட்ணம் அண்ணை பருத்தித்துறைக்காரர், எதையும் சும்மா விடமாட்டார். "தம்பி, அகதியா வந்து வெள்ளைக்காரன்ரை வயலுக்கு எல்லை பிடிக்கிற முதல் ஆள் நீதான்" என்கிறார்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. இருமல் இருந்தால் மருந்து எடுக்கவும், கைவைத்தியம் வேண்டாம்.

தம்பி,
பாக்கியராசா

*

கல்லடி, மட்டக்களப்பு
18.1.87

அன்பான தம்பி,

பொங்கலுக்கு உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். சின்னவனுக்குப் பல் விழுந்துவிட்டது. திவசம் நல்லபடி நடந்தது, பத்துப் பேருக்குச் சோறு கொடுத்தோம். இருக்க இடம், சமைக்க இடம், கிணறு எல்லாம் உண்டு. ஒரு குறையும் இல்லை, நீ யோசிக்காதே.

நாவற்கட்டுக்குளத்துக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள், வயல் வயலாக இல்லையாம். இரண்டு மாரி விதைக்கவில்லை. வாகனங்கள் ஓடி, மாடுகள் புகுந்து வரம்பெல்லாம் கரைந்து ஒரே வெளியாகக் கிடக்கிறதாம். எனக்குச் சீதனம் தந்த வயல் எது, பக்கத்து வயல் எது என்று தெரியாதாம். மருதமரம் மட்டும் நிற்கிறதாம். இந்த வருடம் ஊருக்குத் திரும்பலாம் என்று கதை. திரும்பினால் அதுதான் முதல் வேலை. எனக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வயலை விட்டால் என்ன இருக்கிறது.

அந்த எட்டு மாட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். பெரியவள், மாமாவுக்கு அதைப் பார்க்கச் சம்பளமா என்று கேட்கிறாள்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அக்கா,
புஸ்பராணி

*

அஜின்கோர்ட்
1987 பெப்ரவரி 15, ஞாயிறு, இரவு 7.30. கண்டுபிடித்தது: 1.

அன்புள்ள அக்கா,

சுகம். காது மூடித்தான் போகிறேன். யாருடைய வீடு என்று இம்முறையும் எழுதவில்லை. கவனித்தேன்.

இப்போது நான் எழுதப்போவதை இரண்டு தரம் படியுங்கள். எங்கள் கொம்பனியின் நிலவறையில் பழைய பெட்டிகள் இருக்கின்றன. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாக்காரர் 1956இல் இலங்கை முழுக்க விமானத்தில் பறந்து படம் எடுத்தார்கள். அதன் பிரதிகள் கொஞ்சம் இங்கே தூசி பிடித்துக் கிடக்கின்றன. மூன்று சனிக்கிழமை தேடினேன். பெட்டிகள் ஒழுங்கில்லை, அடுக்கியவனுக்கு அறிவில்லை. நேற்று மட்டக்களப்பு வாவி வந்தது. அதற்கு மேற்கே படுவான்கரை. பிறகு விரலளவில் ஒரு குளம்.

இரண்டு படத்தையும் கருவியில் வைத்துக் கண்ணைப் பொருத்தினேன். குளத்துக்கட்டு எழும்பியது. மருதமரம் எழும்பியது, அக்கா. அதன் நிழல் மேற்கே விழுந்திருக்கிறது. காலை எட்டு மணி இருக்கும். முப்பத்தொரு வருடத்துக்கு முந்திய ஒரு காலை. நான் பிறக்கவில்லை. நீங்கள் கைக்குழந்தை. எங்கள் கூரைக்குக் கீழே எங்கேயோ அம்மா உங்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருப்பா. அந்தக் கூரை ஊசித்துளை அளவில் தெரிகிறது. வெளியே பனி ஒரு அடி. நான் கோட்டுக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே பார்த்தேன்.

வரம்பு போனால் போகட்டும். வரம்பு இங்கே இருக்கிறது. உங்கள் வயலின் கடைசி அளவை எழுதுங்கள். மருதிலிருந்து உங்கள் வரம்பு எத்தனை அடி? பெரியவளை ஒரு படம் கீறச் சொல்லுங்கள்.

தம்பி,
பாக்கியராசா

*

கல்லடி
20.4.87

அன்பான தம்பி,

புதுவருடம் சுமாராகப் போனது. உன் கடிதத்தை ஐந்து பேர் வாங்கிப் படித்தார்கள். எங்கள் வீட்டுக் கூரையை நீ பார்த்ததைப் படித்து ஒருவர் அழுதார்.

பெரியவள் கீறிய படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். குளத்துக்கட்டால் இறங்கும்போது இடக்கைப் பக்கம் தெய்வநாயகி மாமியின் பெரிய வயல். வலக்கைப் பக்கம் கொஞ்சம் மேட்டில் எங்களுடையது. இரண்டுக்கும் நடுவில் இருந்த வரம்பு மருதுக்குக் கிழக்கே நாலு முடிச்சுக் கயிறு, முடிச்சுக்குப் பதினாறு அடி, தள்ளி என்று ஞாபகம். சரியாகத் தெரியாது. தெரிந்தவர்களிடம் நேரில் கேட்டுக்கொள்ளலாம், அவசரமில்லை. நீ அதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

பிள்ளைகள் சுகம். நல்ல சாப்பாடு.

அக்கா,
புஸ்பராணி

*

அஜின்கோர்ட்
17.5.1987

வட்டைவிதானை சீனித்தம்பி மாமா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் எல்லாரும் சுகம் என நம்புகிறேன். வயலுக்குப் பொறுப்பானவர் நீங்கள் என்பதால் சுற்றிவளைக்காமல் எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு வரைபடம் உண்டு. 1956ஆம் ஆண்டு விமானப் படத்திலிருந்து நானே கீறியது. குளத்துக்கட்டிலிருந்து மருதடியோடு கீழே இறங்கும் வெளிறிய பட்டை ஒன்றைச் சிவப்பில் காட்டியிருக்கிறேன். உழாமல் விட்ட பட்டை. அதுவே பழைய எல்லை. இப்படியான பட்டைகளை அடையாளம் காண்பது என் தொழில். அக்கா அறிந்த வரம்போ அதற்குக் கிழக்கே அறுபத்துநாலு அடி தள்ளி இருந்திருக்கிறது. இடையில் உள்ள நிலம் எங்கள் அம்மாவுடையது. எப்போதோ தெய்வநாயகி மாமியின் பக்கத்தார் வரம்பைத் தள்ளி எடுத்திருக்கிறார்கள். யார், எப்போது என்று நான் கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்தால் போதும்.

படம் பொய் சொல்லாது. மனிதர்தான் சொல்லுவார்கள்.

என் அக்கா கணவன் இல்லாதவ. வாய் திறந்து கேட்கமாட்டா. அதனால் நான் கேட்கிறேன். கடிதத்தைக் கூட்டத்தில் படிக்கவும்.

இங்ஙனம்,
பாக்கியராசா

*

நாவற்கட்டுக்குளம்
23.8.87

சிரஞ்சீவி பாக்கியராசாவுக்கு மாமன் சீனித்தம்பி எழுதுவது. இவ்விடம் யாவரும் நலம். இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்தபின் இருபத்தேழு வீட்டுக்காரர் ஊர் திரும்பிவிட்டோம். மற்றவர்கள் எங்கெங்கே என்று தெரியவில்லை.

வட்டைக் கூட்டம் சென்ற ஞாயிறு மருதடியில் நடந்தது. உமது கடிதத்தை ஒரு சொல்லும் விடாமல் நானே படித்தேன். வரைபடத்தைக் கைக்குக் கை கொடுத்துப் பார்த்தோம். விமானத்திலிருந்து பார்த்ததை மண்ணிலிருந்து மறுக்க எங்களால் முடியவில்லை. தெய்வநாயகி எழும்பி, "படிச்ச புள்ள அளந்திருக்கு, அவன்ட அளவுப்படி செய்யிங்க" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டா. மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வந்து தானே புது வரம்பு கட்டினா. உமது அக்கா வயல் அறுபத்துநாலு அடி கூடிவிட்டது. ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் முடிந்தது உமது கெட்டித்தனம்.

குளத்துக்கட்டு ஓரிடத்தில் உடைந்து கிடக்கிறது. அதைப் பற்றி வேறாக எழுதுவேன்.

மாமன்,
சீனித்தம்பி

*

அஜின்கோர்ட்
1987 செப்டம்பர் 27, ஞாயிறு, காலை 10. அடி: 64.

அன்புள்ள அக்கா,

சுகம், சுகம் அறிய ஆவல். மாமாவின் கடிதம் கிடைத்தது. உங்களுடையது கிடைக்கவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. சந்தோசமாக இரண்டு வரி எழுதலாம்.

பேராசிரியைக்கும் சொன்னேன். இங்கிலாந்து வயலில் படித்ததை எங்கள் வயலில் பொருத்தினேன், பொருந்தியது என்றேன். உங்கள் வயல்களில் வெளிறிய பட்டைக்கு அதே அர்த்தம்தானா என்று கேட்டார். மண் மண்தானே என்றேன்.

எழுதுங்கள்.

தம்பி,
பாக்கியராசா

*

அஜின்கோர்ட்
1987 நவம்பர் 29. கடிதம்: 0.

அக்கா,

வானொலியில் மட்டக்களப்பின் பெயர் வருகிறது. தபால் ஓடுகிறதா தெரியவில்லை. இது கிடைத்தால் சுகம் என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்புங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பாக்கியராசா

*

நாவற்கட்டுக்குளம்
2.1.88

தம்பி,

சுகம். பிள்ளைகளும் சுகம். உன் இரண்டு கடிதமும் ஒன்றாக நேற்று வந்தன. தபால் ஓடாதது உண்மை. ஆனால் தபால் ஓடிய நாட்களிலும் நான் எழுதவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

நீ எத்தனை கடிதத்தில் கேட்டாய், யாருடைய வீட்டில் இருக்கிறீர்கள் என்று. இப்போது எழுதுகிறேன். அத்தான் செத்த கிழமையிலிருந்து ஊர் திரும்பும் வரை, இரண்டு வருடம், நானும் பிள்ளைகளும் இருந்தது கல்லடியில் தெய்வநாயகி மாமியின் மகளுடைய வீட்டில். முன் அறையை எங்களுக்குத் தந்துவிட்டு மாமி விறாந்தையில் படுத்தா. திவசச் சோறு மாமி சமைத்தது. எங்கள் கூரையை நீ கண்ட கடிதத்தைப் படித்து அழுதது மாமி. உனக்குச் சொல்லவேண்டாம் என்றதும் மாமிதான். சொன்னால் அவன் அங்கே குளிருக்குள் இருந்து கடமைப்பட்டதாக நினைப்பான், சின்னப் பிள்ளை என்றா.

மருதடியில் மாமா உன் கடிதத்தைப் படிக்கும்போது அவ எனக்குப் பக்கத்தில் இருந்தா. சின்னவன் அவ மடியில். "மனிதர்தான் சொல்லுவார்கள்" என்ற வரி வந்ததும் சின்னவனை மெதுவாக என் மடிக்கு மாற்றிவிட்டு எழும்பினா. நான் எழும்பிப் பேசியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அதை நான் யாரிடம் சொல்லி அழ.

இந்த ஊரில் கூட்டத்தில் பேசுகிற ஆம்பிளைகள் எல்லாரும் வேறு ஊரில் பிறந்து இங்கே கலியாணம் முடித்து வந்தவர்கள். மாமா வந்தது அறுபத்திரண்டில். வயல் பெண்களுக்கு, பேச்சு அவர்களுக்கு. 1956இல் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் பெண்கள்தான். ஒருவரிடமும் ஒருவரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை.

நான் பிறந்த வருடம் குளம் வற்றிய வருடம் என்று அம்மா சொல்லுவா, ஞாபகமா? மேட்டு வயல் ஒன்றுக்கும் தண்ணீர் ஏறவில்லை. அந்தச் சிறுபோகம், கோடை வேளாண்மைக்கு, தெய்வநாயகி மாமியின் தாய் கோணேஸ்வரி தன் வயலை ஊருக்கே பங்கு போட்டுக் கொடுத்தா. அந்த நெல்லைத் தின்றுதான் அம்மாவுக்குப் பால் சுரந்தது. நீ பார்த்த படம் அந்த வருடத்துப் படம்.

இப்போது குளம் உடைந்து பாதித் தண்ணீர்தான் நிற்கிறது. சித்திரைச் சிறுபோகத்துக்குத் தண்ணீர் ஏறக்கூடிய வயல் அவவுடையது ஒன்றுதான். அதைப் பங்கு பிரித்தால் இருபத்தேழு வீடும் அடுத்த மாரி வரை சாப்பிடும். கேட்கப் போக ஒருவருக்கும் முகம் இல்லை. களவெடுத்தவள் என்று கூட்டத்தில் படித்துவிட்டு எப்படிப் போய்க் கேட்பது.

என் பிள்ளைகளைக் கண்டால் கூப்பிட்டு மரவள்ளி அவித்துக் கொடுக்கிறா. என்னைக் கண்டால் சுகம் கேட்கிறா. அவ்வளவுதான் பேச்சு.

புஸ்பராணி

*

அஜின்கோர்ட்
1988 ஜனவரி 31, ஞாயிறு, அதிகாலை 5.20. எண்ணியது: 41.

அன்புள்ள அக்கா,

சுகம் என்ற சொல்லைக் கண்டபோது இருந்த நிம்மதி மற்றதைப் படித்ததும் போய்விட்டது.

கடிதம் வந்த அன்றே நிலவறையில் படத்தை மறுபடி எடுத்தேன். போன வருடம் நான் அதன் வலது ஓரத்தை மட்டும்தான் பார்த்தேன். எங்களுடையது எது என்று தேடியவனுக்கு எங்களுடைய பக்கம் மட்டும் தெரிந்தது. இந்த முறை இடது ஓரத்திலிருந்து தொடங்கினேன்.

அக்கா, மாமியின் வயல் முழுக்கப் பட்டை. மேலே குளத்துக்கட்டில் தொடங்கிக் கீழ் வாய்க்கால் வரை ஒவ்வொன்றும் ஒரே நீளம். அகலத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பத்து இடத்தில் அளந்தேன். முப்பத்திரண்டு அடி, முப்பத்திரண்டு அடி, முப்பத்திரண்டு அடி. அளவு நாடா இல்லாத ஊரில், கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து, முப்பத்திரண்டில் அரை அடி பிசகவில்லை. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கருப்புப் புள்ளி. தண்ணீர் பாயத் திறந்த வக்கடை. நாற்பத்தொரு பட்டைக்கு நாற்பத்தொரு வக்கடை. நல்ல தண்ணீர் ஒருவனுக்கு, வடிகிற தண்ணீர் ஒருவனுக்கு என்று இல்லை.

இங்கிலாந்து வயல் எழுநூறு வருடம் கிடந்தது. இது ஒரு போகம் மட்டும் இருந்திருக்கும். மாரியில் உழுது கலைத்திருப்பார்கள். அந்த நாலு மாதத்துக்குள் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு மேலே விமானம் போயிருக்கிறது. யாரும் அண்ணாந்து பார்த்தார்களோ தெரியாது. உலகத்தில் இதைக் காட்டும் கடதாசி இதுதான். அதை வைத்துக்கொண்டு நான் களவு கண்டுபிடித்தேன்.

யேசுரட்ணம் அண்ணைக்கு முழுக்கச் சொன்னேன். பகிடி விடவில்லை. "உன்ரை கண்ணாடி திறமான கண்ணாடி, தம்பி. கேக்கிற காதுதான் இல்லை" என்றார்.

இத்துடன் மாமிக்கு ஒரு கடிதம். பிழை என்னுடையது என்று எழுதியிருக்கிறேன், நியாயம் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவுக்கும் ஒன்று. முதல் கடிதத்தைப் படித்த அதே இடத்தில் அதைப் படிக்கவேண்டும்.

ஒன்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மருதடி வெளிறிய பட்டையும் அந்த நாற்பத்தொன்றில் ஒன்று. அதே முப்பத்திரண்டு அடி, அதற்கும் ஒரு வக்கடை. ஆனால் விதைக்கவில்லை. வற்றின வருடத்தில், தண்ணீர் பாயும் மண்ணை யாராவது சும்மா விடுவார்களா? அன்று ஊரில் எத்தனை வீடு? மாமி பேச விரும்பினால் மட்டும் கேளுங்கள்.

தம்பி,
பாக்கியராசா

*

நாவற்கட்டுக்குளம்
6.3.88

அன்பான தம்பி,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்கவேண்டும்.

உன் கடிதத்தை நானே கொண்டுபோனேன். மாமி முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தா. வாங்கினா, படித்தா, மடித்து இடுப்பில் செருகினா. திரும்பவும் நெல்லைத் துழாவினா. பிறகு, எனக்கு எழுதிய மற்றக் கடிதத்தில் நீ கேட்ட கேள்வியைப் படித்துக் காட்டினேன். அன்று எத்தனை வீடு, மாமி?

"நாப்பத்தொண்டு. எங்கட வீட்டோட" என்றா.

அப்ப அந்த விதைக்காத பட்டை என்ன என்று கேட்டேன். கையை நிறுத்திவிட்டா.

"அது எல்லையில்ல புள்ள. அது எங்கட அம்மாட பங்கு. தலமாட்டெல்லாம் வக்கடத் தண்ணி, கீழ் வாய்க்கால் கரைக்கு இறங்கித்தான் உள்ளுக்குப் போகலாம். வழி இல்லாட்டி நடுவில இருக்கிறவன் தன்ட பங்குக்கு எப்பிடிப் போற? அடுத்தவன்ட பயிர மிதிச்சா சண்டதானே வரும். வழி விட ஒருத்தரும் சம்மதிக்கல்ல. ஆருட பங்கில குறைக்கிற? அம்மா தன்ட பங்க வழிக்கு உட்டுட்டா. வயல் அவட, ஊரெல்லாம் வெள்ளாம வெட்டின, அவ வெட்டல்ல. அந்த வருசம் நாங்க மரவள்ளிதான் தின்ட. எனக்குப் பன்ரெண்டு வயசு, நல்லா ஞாபகம்."

தம்பி, நீ சிவப்பில் காட்டிய கோடு அது.

கூட்டத்தில் உன் இரண்டாவது கடிதத்தை மாமா படித்தார். முதல் கடிதம் படித்ததைவிடச் சின்னக் குரலில் படித்தார். மாமி வந்திருந்தா. ஒருவரும் கேட்கவில்லை, கேட்கத் துணிவு இல்லை. அவவே எழும்பி, குளம் பாதி நிற்கிறது, சித்திரைக்கு என்ட வயலைப் பிரிக்கலாம் என்றா. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னா: "இருபத்தேழு பங்கு. என்டது வழிக்கு. அளவ அவன் தரட்டும். நல்லா அளக்கிற புள்ள, இந்த முற என்னட்டக் கேட்டுட்டு அளக்கிறான்தானே."

சனம் சிரித்தது. அவவும் கொஞ்சம் சிரித்தா. அன்று பின்னேரம் சின்னவன் அவ மடியில் போய் ஏறிக்கொண்டான்.

அம்மாவுடைய வழி தெரியும் அந்தப் படத்தில் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்கச் சொன்னா. கிடைக்காவிட்டால் பரவாயில்லையாம்.

அக்கா,
புஸ்பராணி

*

அஜின்கோர்ட்
1988 மார்ச் 27, ஞாயிறு, காலை 6.45. எண்ணியது: 28.

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை நிலவறைக்குக் கொண்டுபோய், படத்தைக் கருவியில் வைத்து, பக்கத்தில் விரித்துவைத்துப் படித்தேன். மாமி சொன்ன இடம் வந்ததும் கண்ணைக் கருவியில் வைத்தேன். வெளிறிய பட்டை எழும்பி நின்றது. ஏன் வெளிறியிருக்கிறது என்று இப்போது தெரியும். நாற்பது வீட்டுக் கால்கள். நாலு மாதம், விடிய ஒரு தரம், பொழுதுபட ஒரு தரம். விமானத்திலிருந்து தெரிகிற அளவுக்கு நடந்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அதன் நடுவில் இன்னும் வெளிறிய இழை ஒன்று ஓடுகிறது, ஒற்றை ஆள் நடக்கும் தடம். முப்பத்திரண்டு அடி அகலம் விட்டிருக்கிறது. சனமோ ஓரமாகக் கிடந்த புல்லைக்கூட மிதிக்கக் கூசி, நடுவால் ஒன்றன்பின் ஒன்றாகப் போயிருக்கிறது.

நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி வந்து விளக்கை அணைக்கவா என்று கேட்டான்.

கணக்குக்கு வருகிறேன். அறுபத்துநாலு அடியையும் சேர்த்து மாமியின் வயல் மொத்த அகலம் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு அடி. இருபத்தேழால் பிரித்தால் நாற்பத்தெட்டு அடி ஏழு அங்குலம். மாமி சொன்னபடி அவவுடைய பங்கு வழிக்குப் போகும், அவவுக்கு ஒன்றும் இல்லை. நான் இருபத்தெட்டால் பிரித்தேன். நாற்பத்தாறு அடி பத்து அங்குலம். ஆளுக்கு ஒன்றேமுக்கால் அடி குறையும். வழியும் இருக்கும், மாமிக்குப் பங்கும் இருக்கும். 1956இல் ஒருவராவது இந்தப் பிரித்தலைச் செய்து பார்க்கவில்லை. செய்து பார்க்க அவ விடவில்லையோ தெரியாது.

அளப்பதற்கு முன் கேட்கச் சொன்னா. ஆகவே கேட்கிறேன்: மாமி, இருபத்தெட்டாகப் பிரிக்கலாமா? இல்லை என்றால் இருபத்தேழு அளவும் மறுபக்கத்தில் இருக்கிறது. ஆனால் இதை அவவுக்குப் படிக்கும் முன், மற்ற இருபத்தாறு வீட்டுப் பெண்களிடம் ஒன்றேமுக்கால் அடியைப் பற்றிக் கேளுங்கள். ஆம்பிளைகளிடம் பிறகு கேட்கலாம்.

எனக்குச் சளி, வேறொன்றும் இல்லை. பிள்ளைகளுக்கும் மாமிக்கும் என் வணக்கம்.

தம்பி,
பாக்கியராசா

இனிச் செய்யப்போவது:

1. அறுபத்துநாலு அடியைத் திருப்பிக் கொடுத்ததாக மாமாவுக்கு ஒரு வரி. புது வரம்பை வெட்டி எடுப்பது நீங்கள், மாமி அல்ல.

2. நூறடி அளவு நாடா ஒன்று, நாளைத் தபாலில். சித்திரைக்குள் வராவிட்டால் முடிச்சுக் கயிறு போதும். அரை அடி பிசகாத கயிறு அது.

3. படத்தின் பிரதி இரண்டு. கொம்பனியில் கேட்டே எடுப்பேன். ஒன்று மாமிக்கு. ஒன்று எனக்கு.

4. மாமியின் பிரதியில் சிவப்புக் கோடு இல்லை. 'கோணேஸ்வரியின் பங்கு' என்று பென்சிலால், ஓரத்தில், சின்ன எழுத்தில்.

5. யேசுரட்ணம் அண்ணைக்கு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டுவது. இரண்டு நாளாகக் கேட்கிறார்.

6. பேராசிரியையிடம் போய், 1986இல் நான் கொடுத்த இங்கிலாந்து வரைபடத்தைத் திருப்பி வாங்குவது. அதில் வெளிறிய பட்டை பத்தொன்பதிலும் நான் எழுதிய 'எல்லை' என்ற சொல்லை அழிப்பது. அந்த இடத்தில், 'உழவில்லை. யார் விட்டார்கள், தெரியாது' என்று பத்தொன்பது தரம் எழுதுவது.